பொருளில்லாத சொற்களை ஏன் வாசிக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வாசிப்பு பற்றி ஆய்வு செய்யும் ஒரு குழு, எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க அனுமதி கேட்டிருக்கிறது. 'தமுலி', 'கொசிமு' என்று பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்வார்களாம். கணினித் திரையில் ஒரு சொல் மின்னி மறையுமாம். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பிள்ளை பொத்தானை அழுத்த வேண்டுமாம். நேரத்தை மில்லி நொடியில் கணக்கெடுப்பார்களாம். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும் கட்டாயம் வேண்டுமாம். "எங்கள் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். வாயால் கேட்டால் எதற்கும் பதில் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான். கண்ணாடி எழுத்துப் போல் சிலவற்றைத் திருப்பியும் எழுதுகிறான். நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்கிறார்கள் என்கிறார்கள். இவனுக்கு அதனால் என்ன வந்தது? நான் அனுமதி கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கொடுங்கள். அந்தக் குழுவிடம் சில உறுதிமொழிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். அவை என்ன என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பையன் விஷயத்தில் மட்டும் எந்த ஆய்வு முடிவுக்காகவும் காத்திருக்காதீர்கள். அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரும்பகுதி இப்போதே தெரியும். அது தெரிய வந்ததே, உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றும் இந்த மாதிரிச் சோதனைகளால்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இன்னொரு பையன் நினைவுக்கு வந்தான். 1896-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் அவனைப் பற்றி எழுதினார். பெயர் பெர்சி, வயது 14. ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் பாடம் கேட்டவன். எண்களைத் தடங்கலில்லாமல் வாசித்தான், இயற்கணிதக் கணக்கும் போட்டான். சின்னச் சின்னச் சொற்களை வாசிக்க மட்டும் முடியவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாறி 'ப்ரெசி' என்று எழுதினான். சுட்டிக்காட்டும்வரை தவறு அவன் கண்ணில் படவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரப் பையன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கணிப்பு. நீங்கள் உங்கள் மாணவனைப் பற்றி எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான்.

மார்கன் இதைப் 'பிறவிச் சொல்குருடு' என்று அழைத்தார். பொருத்தமில்லாத பெயர்தான். ஆனாலும், நல்ல அறிவுள்ள பிள்ளைக்கு வாசிப்பு மட்டும் பிடிபடாமல் போகலாம், அதற்குச் சோம்பலோ வளர்ப்போ காரணமில்லை என்று அவர் எழுதிவைத்தது சின்ன விஷயமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பே, 1887-ல், ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை உருவாக்கியிருந்தார். அவர் சொன்னது மூளை பாதிப்பால் வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றி. பிறகு அந்தச் சொல் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆரம்பத்தில் இதைக் கவனித்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள் என்பதால், சந்தேகம் நெடுங்காலம் பார்வையின் மேலேயே இருந்தது. 1925-ல் சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், மூளையின் இரு பக்கங்களும் எழுத்தின் பிம்பத்தை நேராகவும் திருப்பியும் வைத்துக்கொள்வதால் குழப்பம் வருகிறது என்று ஒரு விளக்கம் சொன்னார். எழுத்தைத் திருப்பி எழுதுவதுதான் இந்தக் குறைபாட்டின் அடையாளம் என்று ஊரெல்லாம் நம்பியதற்கு அது ஒரு பெரிய காரணம். நானும் நம்பினேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், வாசிக்கத் திணறிய பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் உருவங்களை ஒப்பிடும் பயிற்சியும் கோட்டுச் சித்திரப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் அந்த உருவங்களில் தேறினார்கள். வாசிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மாதங்களை அவர்களுக்கு என்னால் திருப்பித் தர முடியாது. ஆராய்ச்சியின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பிள்ளைகளின் முகங்கள்தான்.

ஏனென்றால் நான் அந்தப் பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே அதற்கான பதில் அச்சில் இருந்தது. ஃபிராங்க் வெலுட்டினோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1973-ல் மிக எளிமையான ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். வாசிப்பில் திணறும் பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் என இரு தரப்புக்கும் ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். யாருக்குமே ஹீப்ரு தெரியாது. பார்வையில்தான் கோளாறு என்றால் திணறும் பிள்ளைகள் இதிலும் பின்தங்க வேண்டும் அல்லவா? பின்தங்கவில்லை. இரண்டு தரப்பும் ஒரே மாதிரி எழுதினார்கள். கண் பார்க்க வேண்டியதைப் பார்க்கிறது. பார்த்த வடிவத்தை அதற்குரிய ஒலியோடும் பெயரோடும் சேர்த்துப் பிடிப்பதில்தான் சிக்கல். உங்கள் பையன் எழுத்தைத் திருப்பி எழுதுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வாசிக்கக் கற்கும் காலத்தில் பல பிள்ளைகளும் செய்வதுதான் அது. அவன் இன்னும் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஒலி என்றேன். பேச்சில் ஒரு சொல் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. அதற்குள் தனித்தனி ஒலிகள் இருப்பது சின்னப் பிள்ளைக்குத் தெரிவதில்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எழுத்துக்கூட்டும்போதுதான் அது தேவைப்படுகிறது. இசபெல் லிபர்மனும் உடன் ஆய்வாளர்களும் 1974-ல் பிள்ளைகளிடம் சொற்களைச் சொல்லி, அதில் எத்தனை அசை, எத்தனை ஒலி என்று மேஜையில் தட்டிக் காட்டச் சொன்னார்கள். நான்கு வயதில் பாதிப் பேர் அளவுக்கு அசைகளைத் தட்டினார்கள். ஒலிகளைப் பிரித்துத் தட்ட ஒருவராலும் முடியவில்லை. ஆறு வயதில், வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஒலியும் பிடிபட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983-ல் அடுத்த படியை எடுத்து வைத்தார்கள். ஒலிகளை இனம் பிரிப்பதில் பின்தங்கிய 65 சிறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு ஒலிகளை இனம் பிரிக்கவும், சிலருக்கு ஒலியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துப் பார்க்கவும், சிலருக்குச் சொற்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கவும் இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பில் முன்னே வந்தது ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் படித்த குழு. நீங்கள் நாளைக்கு உங்கள் பையனோடு உட்கார்ந்து செய்யப்போகும் வேலையின் வேர் இங்கே இருக்கிறது.

இப்போது 'தமுலி'க்கும் 'கொசிமு'வுக்கும் வருகிறேன். பெற்றோருக்கு எரிச்சல் மூட்டியது இதுதான், எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான். நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளை பாடத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு, புத்தகத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பித்துவிடும். படத்தைப் பார்த்து ஊகிக்கும். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சொல் ஒன்றைப் போடும். வீட்டில் "நன்றாகத்தானே வாசிக்கிறான்" என்பார்கள். 'தமுலி'யை அப்படி ஊகிக்க முடியாது. மனப்பாடம் உதவாது, படம் உதவாது. எழுத்தை ஒலியாக மாற்றித்தான் ஆக வேண்டும். பிள்ளையிடம் அந்தத் திறன் மட்டும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள், நாம் வாசித்த ஒவ்வொரு சொல்லும் முதல் தடவை நம் கண்ணுக்குத் 'தமுலி'யாகத்தான் இருந்தது. டேவிட் ஷேர் 1995-ல் இதைத்தான் விரிவாக எழுதினார்: பிள்ளை புதுச் சொல்லை எழுத்துக்கூட்டி உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் தனக்குத் தானே ஆசிரியராகிறது. சில முறை அப்படி வாசித்த பிறகு அந்தச் சொல் பார்த்தவுடன் தெரியும் சொல்லாகிவிடுகிறது. எழுத்துக்கூட்ட வராத பிள்ளைக்கு இந்தக் கதவே திறப்பதில்லை.

மில்லி நொடிக் கணக்கு எதற்கு? ஜேம்ஸ் மக்கீன் கேட்டல் 1886-லேயே லைப்சிக் நகரில் இதை அளந்து பார்த்தார். தனி எழுத்து ஒன்றை அடையாளம் காண ஆகும் நேரத்துக்குள் பழகிய சின்னச் சொல் ஒன்றையே நாம் அடையாளம் கண்டுவிடுகிறோம். 1969-ல் ஜெரால்ட் ரீக்கர் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்: கண நேரம் மின்னி மறையும் எழுத்தை, அது தனியாக வரும்போதைவிடச் சொல்லுக்குள் வரும்போது நாம் சரியாகச் சொல்கிறோம். இதை வைத்துக்கொண்டு, "அப்படியானால் எழுத்தே வேண்டாம், முழுச் சொல்லின் உருவத்தைக் காட்டியே சொல்லிக்கொடுக்கலாம்" என்று கிளம்பியவர்கள் உண்டு. அது தேர்ந்தவரின் வேகத்தைப் பார்த்துவிட்டு, அவர் அந்த இடத்துக்கு வந்த பாதையை மறந்துவிடுவது. ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் 1975 முதல் வாசிப்பவரின் கண் அசைவைக் கணினியோடு இணைத்து ஆராய்ந்தார்கள். நன்றாக வாசிப்பவரின் கண் பெரும்பாலான சொற்களில் ஒவ்வொன்றாகக் கால் நொடி அளவுக்கு நிற்கிறது என்பது அந்த வகை ஆய்வுகளில் தெளிவானது. தேர்ந்தவர் சொல்லை ஊகித்துத் தாண்டிப்போவதில்லை. எழுத்துகளைப் பார்க்கிறார், அது அவருக்கே தெரியாத வேகத்தில் நடக்கிறது. முன்பின் வாக்கியத்தை வைத்துச் சொல்லை ஊகிப்பதில் அதிகம் சாய்கிறவர்கள் திணறும் வாசகர்கள்தான் என்று கீத் ஸ்டானோவிச் எடுத்துக் காட்டினார். அதனால் உங்கள் பையன் ஊகிப்பது கவனக்குறைவில்லை. அவனிடம் இருக்கும் ஒரே கருவி அது. அதை வைத்துக்கொண்டு அவன் மூன்றாம் வகுப்புவரை வந்திருக்கிறான் என்றால், எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்!

நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் எதற்கு என்றால், வாசிப்பு வழக்கமாக எப்படி வளர்கிறது என்று தெரியாமல் எங்கே தடம் மாறுகிறது என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் காரணம்.

நான் உங்களை அனுமதி கொடுக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளிடம் செய்யப்பட்டவை. ஆங்கிலமோ எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவு இல்லாத ஒரு விதிவிலக்கு. பிலிப் சீமோரும் சகாக்களும் 2003-ல் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டார்கள். முதல் வகுப்பு முடியும்போது ஃபின்னிஷ் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் 34 சதவீதம். ஃபின்னிஷ் போல எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பெரும்பாலும் தவறில்லாமல் வாசித்துவிடும், ஆனால் மிக மெதுவாக, மூச்சு வாங்க வாசிக்கும். ஆங்கிலத்துக்காகச் செய்த சோதனையில் தவறுகளை மட்டும் எண்ணினால் அந்தப் பிள்ளை தப்பிப்போகும். நேரத்தை அளந்தால்தான் அகப்படும்.

நம் எழுத்துமுறை இந்த இரண்டிலும் சேராது. 26 எழுத்துக்குப் பதில் 247. உயிர்மெய்க்குள் மெய்யும் உயிரும் ஒட்டிக்கிடக்கின்றன. 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, வாய் அதைப் பின்னால் சொல்கிறது. 'பம்பரம்' என்பதில் இரண்டு 'ப'வும் ஒரே எழுத்து, ஒலி ஒன்றில்லை. ண, ன, ந. ல, ள, ழ வேறு. இவற்றில் எது பிள்ளையை எந்த வயதில் தடுமாற வைக்கிறது? சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வை 2007-ல் வெளியிட்டார். இத்தகைய எழுத்துமுறையில் எல்லா எழுத்துகளும் கைவர, ஆங்கில அகரவரிசைக்கு ஆவதைவிட மிக நீண்ட காலம் ஆகிறது, தனி ஒலிகளைப் பற்றிய உணர்வும் மெதுவாகவே வளர்கிறது என்று அதில் தெரிந்தது. அப்படியானால் மூன்றாம் வகுப்பில் சில எழுத்து தெரியாத தமிழ்ப் பிள்ளை குறைபாடுள்ள பிள்ளையா, இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையா? தமிழ் வாசிக்கும் பிள்ளைகளை அளந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். உங்கள் வகுப்புப் போன்ற வகுப்புகள் கதவைச் சாத்திக்கொண்டால், வேறு மொழிப் பிள்ளைகளுக்கு வெட்டிய சட்டையையே நம் பிள்ளைகளுக்கும் மாட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஒரு பையன் மட்டும்தான் வருகிறான். சாலி ஷேவிட்ஸ் குழு 1990-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்கள் மிக அதிகம். எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அமைதியாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, உங்களுக்குத் தொந்தரவே கொடுக்காத பெண் பிள்ளை யாராவது இருக்கிறாளா என்று பாருங்கள்.

அப்புறம், பையனுக்கு. முதலில் செவித்திறனும் பார்வையும் சோதிக்கப்பட வேண்டும், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய. முறையான மதிப்பீட்டுக்கும் பெற்றோரிடம் பேசுங்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது சொன்னால் பெற்றோரைத் தடுத்துவிடுங்கள். அவை டிஸ்லெக்சியாவுக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ல் சேர்ந்து அறிவித்துவிட்டார்கள். நாள்தோறும் இருபது நிமிடம் அவனோடு உட்காருங்கள். புத்தகம் இல்லாமல் தொடங்குங்கள். 'மரம்' என்று சொல்லி, 'ம'வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். 'பல்'லில் 'ப'வுக்குப் பதில் 'க' போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிறகு அதையே எழுத்து அட்டைகளால் செய்யச் சொல்லுங்கள், வாயும் கையும் ஒன்றாக வேலை செய்யட்டும். உயிர்மெய்யை வாய்ப்பாடு போல ஒப்பிக்க விடாமல், 'க்' உடன் 'இ' சேர்ந்தால் 'கி', 'ம்' உடன் 'இ' சேர்ந்தால் 'மி' என்று குறியின் வேலையை அவனே கண்டுபிடிக்கும்படி ஒவ்வொரு குறியாக எடுங்கள். ஒரு குறி கைவந்த பிறகு அடுத்தது. அவனுக்குத் தெரிந்த எழுத்துகளால் மட்டும் ஆன சின்ன வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதையே மூன்று நான்கு முறை வாசிக்கட்டும், வேகம் அப்படித்தான் வரும்.

இன்னொரு பக்கம், அவன் வயதுக்கேற்ற கதைகளையும் பாடங்களையும் யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: சொல்லை வாசிக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று, ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் பையனிடம் இரண்டாவது நன்றாக இருக்கிறது. வாசிக்க முடியாததால் வாசிக்காமல், வாசிக்காததால் சொல்வளமும் குறைந்து, அதுவும் தேய்ந்துபோக விட்டுவிடாதீர்கள். முன்கூட்டித் தயார் செய்யாத எதையும் வகுப்பு முன்னால் அவனை வாசிக்கச் சொல்லாதீர்கள். தேர்வில் வாய்மொழியாகப் பதில் சொல்லவும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளவும் விடுங்கள்.

ஆய்வுக் குழுவிடம் கேட்க வேண்டியவை. ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பிள்ளையிடமும் கேட்க வேண்டும். நடுவில் "போதும்" என்று பிள்ளை சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெயர்கள் வெளியே போகக் கூடாது, மதிப்பெண் பட்டியல் பள்ளிச் சுவரில் ஒட்டப்படக் கூடாது. யாருக்காவது கடுமையான சிக்கல் தெரிந்தால் அந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாகச் சொல்லி, அடுத்து எங்கே போகலாம் என்றும் சொல்ல வேண்டும். கடைசியாக, ஆய்வு முடிந்ததும் குழு திரும்பி வந்து, என்ன கண்டோம் என்று ஆசிரியர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். உங்கள் கேள்விக்கு, "இவனுக்கு அதனால் என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்டதற்கு, பல சமயம் பதில் இல்லாமல் போவது இந்தக் கடைசிக் காரியத்தை யாரும் செய்யாததால்தான். இதற்கு ஒப்புக்கொள்ளாத குழுவுக்கு அனுமதி கொடுக்க வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையிலும், 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையிலும், இப்படி ஒரு பத்து சொற்களை எழுதி, சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட சோதனை இது. எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் தேர்ந்த வாசகரால் வாசிக்காமல் இருக்க முடியாது. அடுத்து, அவர்களுக்குத் தெரியாத ஏதாவது ஒரு மொழியின் எழுத்தில் அச்சான பக்கத்தைக் காட்டி, இதை ஒரு நிமிடத்தில், எல்லோர் முன்னாலும், சத்தமாக வாசியுங்கள் என்று சொல்லுங்கள். கொஞ்சம் அமைதியாக இருங்கள். பிறகு சம்மதப் படிவத்தைக் கொடுங்கள்.